ஏழு புள்ளிக் கத்தியைத் தீட்டலாமா?

உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பா செம்பாவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். 1974இல் ஓர் அமெரிக்க மாலுமி அவருக்கு 'கேஸ்' (Case) என்ற அமெரிக்க நிறுவனத்தின் மடக்குக்கத்தி ஒன்றைக் கொடுத்தாராம். அலகின் அடியில், பெயருக்குக் கீழே ஏழு புள்ளிகள் இருக்கின்றன. அந்தக் கத்தியில் தொற்றிக்கொண்ட ஆசையில் பக், ஸ்பைடர்கோ என்று வேறு நிறுவனங்களின் கத்திகள் இன்னும் ஏழு வாங்கிவிட்டேன். எல்லாம் கொஞ்சமாக வெளிவந்து நின்றுபோனவை. அப்பா தன் கத்தியை அடிக்கடி கல்லில் தீட்டுவார், சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். இப்போது அது மழுங்கி, துருவும் புள்ளி புள்ளியாக வருகிறது. தீட்டினால் மதிப்புப் போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். வெட்டாத கத்தி எதற்கு என்கிறார் மனைவி. என்ன செய்யலாம்?"

முதலில் அந்த ஏழு புள்ளிகள். கேஸ் நிறுவனம் 1970இல் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளிகளைப் பொறித்தது. அடுத்த ஆண்டு ஒன்பது, அதற்கடுத்து எட்டு என்று ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தது. ஏழு என்றால் 1973. அடுத்த வருடம் கைமாறியது என்ற அப்பாவின் கணக்கு பொருந்தி வருகிறது. பக் கத்திகளிலும் 1986 முதல் ஆண்டுக்குறி உண்டு, உருப்பெருக்கியை எடுத்துப் பாருங்கள்.

சரி, மதிப்புக்கு வருவோம். ஒருவர் தனியாக உட்கார்ந்து கையால் செய்த கத்திக்குச் செய்தவர் பெயரே விலை. தொழிற்சாலைக் கத்தி அப்படியில்லை, அதே அச்சில் நூற்றுக்கணக்கில் வந்தது. அதில் ஒன்றுக்கு மட்டும் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதால்தான். பெட்டி, உள்ளிருந்த துண்டுச்சீட்டு, தொழிற்சாலையில் தீட்டிய முதல் கூர் விளிம்பான முதல் கருக்கு, மூன்றும் சேர்ந்ததுதான் விலை. ஒரே ஒருமுறை கல்லில் இழுத்தாலும் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நீங்கள் வாங்கிய ஏழு கத்திகளையும் தீட்டாதீர்கள்.

ஆனால் கருக்கு அழியாத கத்திதான் மிகக் கூரான கத்தி என்று நினைத்துவிட வேண்டாம். தொழிற்சாலையில் வேகமாக ஓடும் உராய்வுப் பட்டையில் அலகைப் பிடித்துச் சாணை போடுகிறார்கள். நுனி விளிம்பு மயிரிழை அளவே இருப்பதால் அந்தச் சூட்டில் எஃகின் பதம், அதாவது கடினம், அங்கே மட்டும் கொஞ்சம் இறங்கிவிடக்கூடும். ஒன்றிரண்டு முறை கையால் தீட்டிய பிறகே கத்தி நீண்ட நாள் கூர் நிற்கிறது என்று புழங்குகிறவர்கள் பலர் சொல்வது அதனால்தான். என் அனுபவமும் அதுவே.

வெட்டாமலே கூரை ரசிக்க ஒரு வழி உண்டு. மேசை விளக்குக்கு அடியில் அலகின் வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது, வெளிச்சத்தைத் திருப்பியனுப்ப அங்கே இடமில்லை. எங்காவது வெள்ளையாக ஒரு பொட்டு மினுங்கினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் பட்டை விட்டுப்போன கீறல்கள் வரிசையாகத் தெரியும். வாங்கும்போதும் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் சிங்கப்பூரில் உங்கள் கத்திகளுக்கு எதிரி காற்றுதான். சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். புகைப்படக்காரர்கள் லென்ஸுக்கு வாங்கும், ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினட் என்ற அலமாரி ஒன்று போதும், 45 விழுக்காட்டில் வையுங்கள். அதற்கும் கீழே போனால் மரப்பிடியும் எலும்புப்பிடியும் வெடிக்கலாம். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். தொட்டால் துடைத்துவிட்டு வையுங்கள். வியர்வை உப்பு கைரேகையை அப்படியே துருவில் அச்சடித்துவிடும்.

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அங்கே ஆமையோடு போலப் பிடி போட்ட ஒரு பழைய பேனாக்கத்தி வாங்கினேன். பிடி செல்லுலாய்டு, பழைய காலப் பிளாஸ்டிக் வகை. பிஸ்கட் டின் ஒன்றில் மற்ற இரண்டு கத்திகளோடு போட்டு மூடினேன். ஓராண்டு கழித்துத் திறந்தால் கற்பூரமும் புளிப்பும் கலந்த நெடி, மூன்றிலும் துரு. செல்லுலாய்டு சிதையும்போது அமில ஆவியை விடும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத் தின்னும். அப்படிப்பட்ட பிடி உங்களிடம் இருந்தால் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள்.

அப்பாவைப் போலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ஏறும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் வகையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்குமுன் காவல்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

இனி அப்பாவின் கத்தி. அதன் முதல் கருக்கை அப்பாவே என்றோ கல்லில் கரைத்துவிட்டார், நீங்கள் காப்பாற்ற அதில் ஒன்றும் மிச்சமில்லை. தாராளமாகத் தீட்டுங்கள். அதற்குமுன் வெள்ளை டிஷ்யூவால் அலகைத் தேயுங்கள். செம்பழுப்பு ஒட்டினால் துரு. ஒட்டாத நீலச் சாம்பல் படலம் கார்பன் எஃகின் வயது, அதைச் சுரண்டாதீர்கள். துருவின்மேல் மருந்துக்கடை மினரல் ஆயில் இரண்டு சொட்டு விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மூங்கில் பல்குச்சியால் எடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும். எஃகு நார் பக்கமே போகாதீர்கள், பெயருக்குக் கீழே உள்ள அந்த ஏழு புள்ளிகள் தேய்ந்துவிடும்.

பிறகு 1000 எண் நீர்க்கல், அதாவது நீர் விட்டுத் தீட்டும் கல். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்த்து, அழுத்தாமல், ஒரே சாய்வில். மறுபக்கம் விரல் நகத்தில் பிசிறு தட்டுப்பட்டதும் கத்தியைத் திருப்புங்கள். கடைசியில் பழைய இடுப்பு வாரின் உள்பக்கத்தில், வாய் பின்னால் வரும்படி பத்து இழுப்பு. நாளிதழ்த் தாள் சத்தமில்லாமல் அறுந்தால் போதும். அன்றைக்கே மனைவிக்கு ஒரு மாம்பழம் நறுக்கிக் கொடுங்கள். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் அலகைத் துடைத்துவிடுங்கள், மாம்பழப் புளிப்பு அந்த எஃகைக் கறுக்க வைக்கும்.