கூகிளில் உங்கள் பதிவு வரவேண்டுமா? தரகருக்குக் கொடுக்கும் காசை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: கொக்குவிலில் வீட்டில் இருந்தபடியே மிளகாய்த்தூள், பருத்தித்துறைத் தட்டைவடை, ஒடியல் மா விற்கிறேன். மூன்று வருடமாக இன்ஸ்டகிராமில் படம் போடுகிறேன், முகநூலிலும் போடுகிறேன். ஆனாலும் தெரிந்தவர்கள்தான் ஓடர் தருகிறார்கள். கூகிளில் தேடினால் என் படம் ஒன்றுகூட வருவதில்லை. மாதம் 15,000 ரூபாய் தந்தால் முதல் பக்கத்தில் முதலாவதாகக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், தங்கச்சி. அவர் காசுக்குச் செய்வதாகச் சொல்லும் வேலையில் உண்மையான பகுதி எதுவோ, அதை நீங்களே ஒரு பின்னேரத்தில் சதம் செலவில்லாமல் செய்துவிடலாம். மீதிப் பகுதியை அவராலும் செய்ய முடியாது.

2025 ஜூலை 10 முதல்தான் இன்ஸ்டகிராம், தொழில் கணக்குகளின் பொதுப் படங்களையும் வீடியோக்களையும் கூகிள் போன்ற தேடுபொறிகள் காட்ட அனுமதித்தது. அதற்கு முன்னர் இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. ஆகவே இவ்வளவு காலமும் வராமல் போனது உங்கள் பிழை இல்லை. ஆனால் சாதாரணக் கணக்குக்கு இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. செட்டிங்ஸில் 'அக்கவுண்ட் டைப்' என்று இருக்கும் இடத்தில் புரொஃபெஷனல் (தொழில்) கணக்காக மாற்றுங்கள். அது இலவசம். பிறகு 'அக்கவுண்ட் பிரைவசி'க்குள் போனால், படங்களும் வீடியோக்களும் தேடுபொறி முடிவுகளில் வர அனுமதிப்பதா என்று ஒரு பொத்தான் இருக்கும். அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வடை சுட்டுக் குடும்பம் பார்க்கிற ஒருவருக்கு வேண்டிய பொத்தானை ஏன் இத்தனை கதவுகளுக்குப் பின்னால் வைக்கிறார்கள் என்று எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. சில மாதத்தில் அதை வேறு இடத்துக்கு நகர்த்துவார்கள். கேட்பதற்கு ஒரு மனிதரும் இருக்கமாட்டார். தரகர்கள் பிழைப்பது இந்த ஓட்டையில்தான்.

இனி, எங்கள் ஊரில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று. உங்கள் கணக்கை யார் தொடங்கியது? மகனா, அக்காவின் மகளா? பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள்தான் தங்கள் போனில் தொடங்கிக் கொடுக்கிறார்கள். அப்போது பிறந்த திகதியாகத் தங்களுடையதையே போட்டுவிடுவார்கள். 18 வயதுக்குக் குறைந்தவருடைய கணக்கு என்று பதிவாகியிருந்தால், நீங்கள் என்னதான் எழுதினாலும் அந்தப் படங்கள் தேடலுக்குப் போகாது. தொழில் கணக்கு என்றாலும் இதுதான் நிலைமை. கடை தொடங்கிய வருடத்தைப் பிறந்த வருடமாகப் போட்டாலும் வினைதான். 13 வயதுக்குக் கீழ் என்று கணக்கையே முடக்கிவிடுவார்கள். தொழிலுக்கான கணக்கானாலும் நடத்துபவரின் சொந்தப் பிறந்த திகதியைத்தான் போடவேண்டும் என்று இன்ஸ்டகிராமே சொல்கிறது. 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' போய், 'பெர்சனல் டீட்டெய்ல்ஸ்' என்ற இடத்தில் இருக்கும் திகதியைப் பாருங்கள். அது பிள்ளையுடையது என்றால் உங்களுடையதாக மாற்றுங்கள். அடையாள அட்டையையோ முகத்தை எடுத்த சிறு வீடியோவையோ கேட்கலாம். அதை நீங்களே உங்கள் கையால் செய்யுங்கள். "அட்டைப் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் போடுங்கோ, நான் செய்து தாறன்" என்பவருக்கு அனுப்பாதீர்கள்.

சரி, கதவு திறந்துவிட்டது. உள்ளே கூகிள் வாசிக்க என்ன இருக்கிறது? நம்மவர்கள் விலை, எடை, ஊர், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் நோட்டீஸ் மாதிரி ஒரு படத்துக்குள் அடித்துவிட்டு, கீழே "புது ஸ்டொக் வந்துவிட்டது, விலைக்கு இன்பொக்ஸ்" என்று மட்டும் எழுதுகிறார்கள். அந்த வரியில் வடையும் இல்லை, ஊரும் இல்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பியிருக்காமல் கீழே எழுத்தாகவே போடுங்கள். இப்படி:

"பருத்தித்துறைத் தட்டைவடை. கொக்குவிலில் வீட்டில் சுட்டது, 250 கிராம் பைக்கற். யாழ்ப்பாணத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம், கொழும்புக்குப் பார்சல் அனுப்புவோம்."

முதல் வரியிலேயே பொருளின் பெயரும் ஊரும் வந்துவிட்டன. விலையையும் அங்கேயே எழுதிவிடுங்கள். ஸ்காபரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை, அம்மாவுக்கு அனுப்புவதற்காக வடை தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டும். ஆகவே வடையின் பெயரையும் யாழ்ப்பாணத்தையும் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதுங்கள். ஒருமுறை போதும். ஹாஷ்டாக்குகளைக் குவிப்பதால் கூகிள் மனம் இளகாது. படம் போடும்போது மேலதிகத் தெரிவுகளுக்குள் 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் படத்தில் இருப்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், கூகிளில் வருவதற்கு அதை நம்பாதீர்கள்.

முகநூலில் உங்கள் சொந்தப் பெயரில் விற்காமல் ஒரு பக்கம் தொடங்குங்கள். மூடிய குழுக்களில் போடுவது கூகிளுக்குத் தெரியவே தெரியாது.

அந்த 15,000 ரூபாய்க்காரருக்கு வருவோம். "முதலிடம் உறுதி" என்ற சொல் வாயில் வந்தவுடனேயே அவரை அனுப்பிவிடலாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தரமுடியாது என்று கூகிளே எழுதி வைத்திருக்கிறது. அப்படியானால் இவர்கள் எப்படிக் காட்டுகிறார்கள்? ஒரு வழி, உங்கள் கடையின் பெயரையே தேடிக் காட்டுவது. அந்தப் பெயரில் உலகத்தில் வேறு கடை இல்லாதபோது நீங்கள் முதலில் வராமல் வேறு யார் வருவது? "யாழ்ப்பாணம் தட்டைவடை" என்று தேடிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் அவர் போனில் வேண்டாம், உங்கள் போனில், இன்காக்னிடோ (பழைய தேடல்களின் பாதிப்பில்லாத) ஜன்னலில். இரண்டாவது வழி, காசு கட்டி விளம்பரம் போடுவது. மேலே 'ஸ்பொன்சர்ட்' என்று எழுதியிருக்கும். காசு நின்ற அன்றே அது மறைந்துவிடும். விளம்பரம் போடுவது தப்பில்லை, ஆனால் அதைத் தேடலில் இடம்பிடித்ததாகச் சொல்லி விற்பது ஏமாற்று. மூன்றாவது, ஆயிரக்கணக்கில் லைக் வாங்கித் தருவது. அதைப் பார்த்துக் கூகிள் உங்களை மேலே தூக்காது. இன்ஸ்டகிராம் விதிகளின்படியும் அது பிழை.

எல்லாவற்றிலும் கேடானது இன்னொன்று. "எல்லாவற்றையும் நான் பார்க்கிறேன்" என்று சொல்லி, உங்கள் பக்கத்தைத் தன்னுடைய மின்னஞ்சலில் தொடங்குவார். ஒரு மாதம் காசு பிந்தினால் பக்கம் அவர் கையில், வாடிக்கையாளரும் அவர் கையில். நல்லூர்த் திருவிழாக் காலத்தில், வெளிநாட்டு உறவுகள் ஊரில் நிற்கிற அந்த நாட்களில் இப்படி நடந்தால் அந்த வருட வியாபாரமே போச்சு. எந்தக் கணக்கும் உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் இலக்கத்திலும்தான் இருக்கவேண்டும். போனுக்கு வரும் உறுதிப்படுத்தும் இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லாதீர்கள். கூகிளில் இருந்து கதைக்கிறோம் என்று அழைத்தாலும் சொல்லாதீர்கள்.

அவர் வாயே திறக்காத ஒன்று, கூகிள் பிசினஸ் புரொஃபைல். வரைபடத்தில் உங்கள் கடையைக் காட்டுவது அதுதான், முழுக்க இலவசம். உள்ளூர் ஆட்களிடம் இன்ஸ்டகிராமை விட அதுதான் உங்களை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வீட்டு முகவரியைக் காட்ட விருப்பம் இல்லாவிட்டால் மறைத்துவிட்டு, நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊர்களை மட்டும் போடலாம். கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி அலைக்கழிப்பார்கள். ஒருமுறை நிராகரித்தாலும் விடாதீர்கள். உதவிக்கு யாரையாவது சேர்ப்பதென்றால் 'மனேஜர்' ஆக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், 'ஓனர்' ஆக ஒருபோதும் வேண்டாம்.

அனுமதி கொடுத்த மறுநாளே எல்லாம் வந்துவிடாது. எந்தப் படத்தை எடுப்பது என்று கூகிள்தான் தீர்மானிக்கும், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். முதலில் பழைய பதிவுகளில் நன்றாக ஓடும் பத்துப் பதிவுகளை எடுத்து, கீழே இருக்கும் எழுத்தைத் திருத்துங்கள். மிளகாய்த்தூளில் தொடங்குங்கள்.