கன்றின் மூக்குச் சளியில் புதிய பாக்டீரியாவா?

கேள்வி: இருமும் கன்றின் மூக்குச் சளியிலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாவின் 16எஸ் மரபணு (பாக்டீரியாக்களை அடையாளம் காண ஒப்பிடும் மரபணு), தெரிந்த எதனுடனும் 97.9 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை. புதிய சிற்றினம்தானே?

பதில்: இருக்கலாம். 98.7-க்குக் கீழே வந்தாலே சந்தேகிக்க நியாயம் உண்டு. ஆனால் எத்தனை எழுத்துகளை ஒப்பிட்டீர்கள்? அந்த மரபணு சுமார் 1,500 எழுத்து நீளம். பாதியை மட்டும் வாசித்துவிட்டுச் சதவீதம் பேசக்கூடாது. வரிசைப்படுத்திய வரைபடத்தையும் திறந்து பாருங்கள். பல இடங்களில் இரண்டு சிகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றால், தட்டில் இரண்டு பாக்டீரியாக்கள் கலந்திருக்கக்கூடும். தனித்து நிற்கும் ஒரு காலனியைத் தொட்டு, புதுத் தட்டில் கோடிழுத்து மறுபடி வளருங்கள். தூய வளர்ப்பு இல்லாமல் அடுத்த படி கிடையாது.

கேள்வி: புரதங்களை வைத்துப் பாக்டீரியாவை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவி 'அடையாளம் இல்லை' என்கிறதே?

பதில்: அதன் தரவுத்தளத்தில் இல்லை என்பதே அதன் பொருள். கால்நடைப் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு இந்தக் கதிதான்.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் நம்புவது?

பதில்: முழு மரபணுத்தொகுதியை. நெருங்கிய உறவுகளின் மாதிரி விகாரங்களோடு (அந்தந்தச் சிற்றினத்தின் பெயருக்கு அடையாளமாக வைத்திருக்கும் வளர்ப்புகளோடு) ஒப்பிடும்போது சராசரி ஒற்றுமை 95–96 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தனிச் சிற்றினம் என்று வாதாடலாம். இதுவும் வேதவாக்கு அல்ல. மாட்டின் புருசெல்லா அபார்ட்டஸையும் ஆட்டின் புருசெல்லா மெலிடென்சிஸையும் இந்த அளவுகோலில் நிறுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும்! எந்த விலங்கைப் பிடிக்கிறது, மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்காகவே பெயர்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

கேள்வி: பேராசிரியரின் பெயரைச் சூட்டலாமா?

பதில்: தாராளமாக, லத்தீன் வடிவில். உங்கள் பெயரைத்தான் நீங்களே சூட்டிக்கொள்வது அழகல்ல. அதற்குமுன் உயிருள்ள வளர்ப்பை வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு சேகரிப்பு மையங்களில் ஒப்படைத்து, சான்று பெற வேண்டும். பலரும் சோம்பிவிடுவது இங்கேதான்.

கேள்வி: எங்களுடையது வேறொரு பாக்டீரியா; அசைபோடும் விலங்கின் இரைப்பையிலிருந்து வந்தது. ஆக்சிஜன் இல்லாத பெட்டியிலும் வளரவில்லை. டிஎன்ஏ மட்டுமே இருக்கிறது.

பதில்: 'கேண்டிடேட்டஸ்' என்ற முன்னொட்டோடு தற்காலிகப் பெயர் தரலாம். டிஎன்ஏ வரிசையைக் கொண்டு பெயரிடுவதற்காக 2022-இல் வந்த சீக்கோடு விதிகள், உயிருள்ள வளர்ப்புக்குப் பதிலாகத் தரமான மரபணுத்தொகுதியையே பெயருக்கான மாதிரியாக ஏற்கின்றன.

கேள்வி: முதலில் கேட்ட கன்றின் இருமலுக்குக் காரணம் அதன் மூக்கில் கிடைத்த புதிய பாக்டீரியாதானா?

பதில்: மூக்கில் இருந்தது என்பதற்காகக் குற்றம் சாட்டாதீர்கள். நுரையீரலைத் தாக்கும் மான்ஹைமியா ஹீமோலிட்டிகாவே நலமான கன்றுகளின் மூக்கிலும் குடியிருக்கும். இருமாத கன்றுகளிலும் தேடிவிட்டு வாருங்கள், பேசுவோம்.