கேள்வி–பதில்: முகத்தில் எசென்ஷியல் ஆயில் (செடிகளிலிருந்து எடுக்கும் அடர்த்தியான வாசனை எண்ணெய்) போடலாமா?

கேள்வி: பருவுக்கு நல்லது என்றார்களே என்று டீ ட்ரீ என்ற எசென்ஷியல் ஆயிலைப் பஞ்சில் தொட்டு தினமும் இரவு பருவின் மேல் வைக்கிறேன். பரு அடங்குகிறது, ஆனால் சுற்றிலும் தோல் சிவந்து உரிகிறது. தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். டீ ட்ரீ பருவுக்குக் கேட்கும் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஆஸ்திரேலியாவில் 124 பேரை வைத்து நடத்தி, 1990இல் வெளியான ஓர் ஆய்வை. அதில் ஒரு பாதிப் பேருக்குக் கொடுத்தது 5 சதவீத டீ ட்ரீ ஜெல், மறுபாதிக்கு பருவுக்கு வழக்கமாகப் போடும் மருந்தான பென்சாயில் பெராக்சைடு, 5 சதவீதம். இரண்டு பக்கமும் பரு குறைந்தது. டீ ட்ரீ கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் தொந்தரவு குறைவு. நீங்கள் பஞ்சில் தொட்டு வைப்பதோ கலக்காத எண்ணெய், அதாவது அந்த ஜெல்லில் இருந்ததைப் போல 20 மடங்கு! தோல் உரியாமல் என்ன செய்யும்?

சிவப்பு ஆறும்வரை வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் மட்டும் போதும். அப்புறமும் ஆசை விடவில்லை என்றால் 5 சதவீதம் என்று அட்டையில் போட்ட ஜெல்லாகவே வாங்குங்கள். அதற்கும் அரித்து, தடித்து, போட்ட இடத்தைத் தாண்டிப் பரவினால் அலர்ஜியாக இருக்கலாம், தோல் டாக்டரைப் பார்த்து, எது ஆகவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். எரிச்சல் என்றால் விட்டால் போய்விடும். அலர்ஜி அப்படியில்லை, ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே இருக்கும், அடுத்த தடவை துளியூண்டு பட்டாலே கிளம்பிவிடும்.

கேள்வி: 30 மில்லி ஜோஜோபா எண்ணெயில் எத்தனை சொட்டு லேவண்டர் விடலாம்? அதையே தண்ணீரில் கலந்து ஸ்ப்ரேயாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முகத்துக்கு 1 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால் 30 மில்லிக்கு 6 சொட்டு வரும், சட்டென்று சிவக்கிற தோல் என்றால் 3 போதும். இது மொத்தக் கணக்கு என்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள்: லேவண்டர் 6, ஜெரேனியம் 6, இன்னொன்று 6 என்று அடுக்கினால் 3 சதவீதம் ஆகிவிடும். லவங்கப்பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய் இரண்டையும் முகத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், எவ்வளவு கலந்தாலும் சரி.

தண்ணீர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். பாட்டிலைக் குலுக்கினால் வெள்ளையாகக் கலங்கி, கலந்துவிட்ட மாதிரி தெரியும்; கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள், எண்ணெய் சின்னச் சின்ன வட்டங்களாக மேலே வந்து நிற்கும். தண்ணீர் தீரத் தீர, கடைசியில் கன்னத்தில் அடிப்பது கிட்டத்தட்ட கலக்காத எண்ணெய்தான். பாலிசார்பேட் மாதிரி கரைக்கும் பொருள் ஒன்று வேண்டும், தண்ணீர் இருப்பதால் கிருமி வளராமலிருக்கத் தனியாக ப்ரிசர்வேட்டிவும் வேண்டும். எசென்ஷியல் ஆயிலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள், முகத்துக்குத் தாங்குகிற அளவில் பார்க்காது.

கேள்வி: வாங்கி நாளான லெமன் எண்ணெய் பாதி பாட்டில் இருக்கிறது. வாசனை லேசாக மாறியிருக்கிறது. கெட்டுப்போகிற பொருளா இது?

பதில்: கெட்டுப்போகும். அதிலிருக்கும் லிமோனீன் என்ற வாசனைப் பொருள் காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறும், அப்படி மாறியதுதான் அலர்ஜியை அதிகம் கிளப்புகிறது. லேவண்டரில் இருக்கும் லினலூலுக்கும் இதே கதைதான். மூடியைத் திறந்து பாட்டிலின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டினால் தோலுக்கு ஆகாது. பாதி காலியான பாட்டில் என்றால் மீதி பாதி காற்று, அதனால் இனி வாங்குவதைச் சின்ன, அடர்நிறக் கண்ணாடி பாட்டிலாக வாங்கி, இறுக்கி மூடி, சூடு படாத இடத்தில் வையுங்கள். பழைய லெமன் எண்ணெயைக் கொட்ட மனசில்லை என்றால் கண்ணாடி பாட்டில்களில் ஸ்டிக்கர் பசையைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், பிரமாதமாக வரும். கையுறை போட்டுக்கொண்டு!

கேள்வி: பெர்கமாட் கலந்த எண்ணெயைக் கழுத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனேன். சில நாளில் எண்ணெய் வழிந்த தடம் அப்படியே பழுப்புக் கோடாக விழுந்துவிட்டது. போகுமா?

பதில்: போகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம். தேய்க்காதீர்கள், ப்ளீச் போடாதீர்கள், வெளியே போனால் சன்ஸ்கிரீன் போடுங்கள். பெர்கமாட் என்பது ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழம்; அதன் தோலை அழுத்தியெடுத்த எண்ணெயில் பெர்கேப்டன் என்று ஒன்று உண்டு, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் அது தோலைச் சுட்டுவிடும், சுட்ட இடம் கறுக்கும். அதனால்தான் வாசனைப் பொருள் துறையின் சர்வதேச அமைப்பான இஃப்ரா, கழுவாமல் விடுகிற பொருள்களில் இதற்கு 0.4 சதவீதம் என்று எல்லை போட்டிருக்கிறது. 30 மில்லிக்கு 2 சொட்டுதான் வரும். பெர்கேப்டன் நீக்கிய பெர்கமாட்டும் கிடைக்கிறது, அதில் இந்தச் சிக்கல் இல்லை. லைம் எண்ணெயிலும் பார்த்து வாங்க வேண்டும்: பழத்தோலை அழுத்தியெடுத்தது வெயிலுக்கு ஆகாது, ஆவியில் வடித்தது பரவாயில்லை.

கேள்வி: "நூறு சதவீதம் இயற்கை" என்று போட்ட க்ரீம் என்றால் அலர்ஜி பயம் இல்லைதானே?

பதில்: அந்த வரியை விட்டுவிட்டு அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரால், யூஜினால் என்று கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும், எல்லாமே செடியிலிருந்து வருபவைதான். கழுவாமல் விடும் பொருளில் இவை 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் போட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம்; 26 ஆக இருந்த அந்தப் பட்டியலை 2023இல் 80க்கும் மேலாக நீட்டிவிட்டார்கள். உங்களுக்கு ஆகாதது எது என்று தெரிந்திருந்தால் தேட வசதி.

கேள்வி: கைக்குழந்தைக்குச் சளி. மார்பில் யூக்கலிப்டஸ் எண்ணெய் தடவலாமா?

பதில்: கூடாது, பெப்பர்மின்ட்டும் கூடாது. மூக்குக்குப் பக்கத்தில் போனால் மூச்சே திணறலாம். குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.