நடுவில் நிற்பவருக்கு என்ன பெயர்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்துக்கும் பங்காளி தோட்டத்துக்கும் எல்லையில் ஒரு சில்வர் ஓக் நிற்கிறது. மிளகுக்கொடி ஏறிய மரம். அந்த மிளகு யாருக்கு என்ற தகராறில் இரண்டு வருஷமாக இரு வீட்டுக்கும் பேச்சில்லை. மாமனார், ‘ஊர்க்கவுண்டர்கிட்ட வெச்சுப் பேசிக்கலாம்’ என்கிறார். வக்கீல், ‘மத்தியஸ்தர் வைத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். எட்டாவது படிக்கும் என் பையனோ, ‘நடுவர்னா அம்பயர்மா’ என்கிறான். இவர்கள் எல்லாரும் ஒரே ஆள்தானா?
- ஒரு வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: இல்லைங்க. ஆனால் உங்கள் பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அம்பயர் என்ற சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் ‘ஜோடி இல்லாதவன்’ என்று பொருள். ‘நோன்பேர்’ மாதிரி ஒரு சொல். ஆங்கிலத்துக்குப் போன பிறகு அதன் முதலெழுத்து பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம்தான் அம்பயர். நாம் ‘மூணாம் மனுஷன்’ என்கிறோமே, அதேதான். கீழ்க்கோர்ட் நீதிபதியைக் குறிக்கும் முன்சீப் அரபிச் சொல். அதன் வேருக்குப் ‘பாதி’ என்று அர்த்தம். மத்தியஸ்தர் வடமொழி, நடுவர் தமிழ், இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

நாட்டாமை அப்படியில்லை. அது நாட்டாண்மை, நாட்டை ஆளும் உரிமை. நீதிபதியில் உள்ள ‘பதி’க்குத் தலைவன் என்று பொருள். நம் பக்கத்தில் கிராம முன்சீப்பை மணியக்காரர் என்போம். 1980-ல் பரம்பரை கிராம அதிகாரிகள் பதவியை ஒழிக்கும்வரை ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். இவையெல்லாம் அதிகாரத்தின் பெயர்கள். நடுவர், மத்தியஸ்தர் இரண்டும் நிற்கும் இடத்தின் பெயர்கள். இந்த வித்தியாசத்தை நான் அகராதியில் கற்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடையில் கற்றேன்.

என் அப்பா அங்கே முப்பது வருஷம் தராசு பிடித்தவர். பட்டறைக்காரர் கொலுசோடு படியேறினாலே முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்திவிடுவார். சேலத்து மே மாதத்திலும்தான். தராசைத் தூக்கி, முள் அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார். கண் தட்டுகள் பக்கம் போகாது, முள்ளிலேயே இருக்கும். அப்புறம் கொலுசையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து இன்னொரு தடவை நிறுப்பார். ‘சம்பளம் என்கிட்ட வாங்கிட்டு அவனுக்காக எதுக்கு ரெண்டு தடவை தூக்கறே?’ என்று முதலாளி ஒருநாள் கேட்டே விட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அன்றும் இரண்டு தடவைதான். எடையில் தகராறு வந்தால் பட்டறைக்காரர்கள், ‘அவர் தூக்கட்டும்’ என்பார்கள். அவரை யாரும் மத்தியஸ்தர் என்று கூப்பிட்டதில்லை. கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்த மரியாதையில் பாதிகூட அவருக்குக் கிடைத்ததில்லை.

சரி, மிளகுக்கு வருவோம். மத்தியஸ்தம் என்ற ஒரே சொல்லைத் தமிழில் இரண்டு வேலைக்குப் புழங்குகிறோம். சிக்கலே அங்கேதான். 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு அமர்த்துகிற நடுவர் தீர்ப்பே சொல்லிவிடுவார். அது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி உங்களைக் கட்டும். சமரச மையத்தில் உட்காருகிறவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. உங்களையும் பங்காளியையும் பேச வைப்பார், அவ்வளவுதான். 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் இருக்கிறது. மூன்றாவது வழி மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத். அங்கே கட்டணம் இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் மேல்முறையீடும் இல்லை. வக்கீல் இவற்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிட்டு அப்புறம் தலையாட்டுங்கள்.

ஊர்க்கவுண்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மரத்தை நட்டது யார், கொடியை ஏற்றிவிட்டது யார் என்று எந்த வக்கீலைவிடவும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவரைக் கூப்பிடுவோம் என்பது உங்கள் மாமனார். பங்காளியும் தன் வாயால் அதே பெயரைச் சொல்கிறாரா? சொன்னால் மலையிறங்காமலே முடித்துவிடலாம். இல்லையென்றால் சமரச மையம். ஒரு மரத்து மிளகுக்காக நடுவர் அமர்த்தினால் அவருக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு மிளகு காணாது.

இரண்டு வருஷம் என்று மலைக்காதீர்கள். மேட்டூர்ப் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்: காவிரி நடுவர் மன்றம் 1990-ல் அமைந்தது, இறுதித் தீர்ப்பு 2007-ல் வந்தது.

கேள்வி: பட்டிமன்ற நடுவர் உண்மையிலேயே நடுநிலையோடுதான் தீர்ப்புச் சொல்கிறாரா?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கைதட்டல் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சாய்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும் ஐயா.

கேள்வி: யமனுக்கும் நடுவன் என்று பெயர் உண்டாமே?
- ஒரு கல்லூரி மாணவி, ஆத்தூர்

பதில்: உண்டு. ஆள் பார்க்காமல் எல்லாரையும் ஒரே மாதிரி கூட்டிக்கொண்டு போகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. மதுரைக்காஞ்சியில் வரும் அறங்கூறு அவையத்தார், அதாவது நீதி சொல்லும் சபையினர், பகையும் மகிழ்ச்சியும் அண்டாமல் ‘ஞெமன்கோல்’ போல நேராக இருந்தார்களாம். ஞெமன்கோல் என்றால் துலாக்கோல். ஞமன் என்பது யமனுக்கும் பெயர். தராசைத் தூக்கும்போது அப்பா மூச்சை நிறுத்தியது ஏனோ எனக்கு நினைவுக்கு வருகிறது.

கேள்வி: மத்தியஸ்தர் என்பது கோர்ட், கச்சேரி வந்த பிறகு புழக்கத்துக்கு வந்த சொல்லா?
- ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சொல். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், 921-ஆம் ஆண்டு, மத்தியஸ்தன் வருகிறான். ஆனால் வழக்குத் தீர்க்க அல்ல, குடவோலைத் தேர்தலில். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அதை மத்தியஸ்தன் வாங்கும்போது ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டுமாம். விரலிடுக்கில் வேறு ஓலை இருந்துவிடக் கூடாதே! வாங்கி அவன் வாசித்தபின், அங்கே இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசாரிகள், எல்லாரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். சரியான சந்தேகப் பிராணிகள். அப்பா அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் உத்திரமேரூருக்கு வேலை கேட்டுப் போயிருப்பார்.