டிரைவர் கண் அசருவதை எந்தக் கருவி சொல்லும்?

கேள்வி: நாமக்கல்லில் மூன்று லாரி வைத்திருக்கிறேன். போன மாதம் விடியற்காலையில் டிரைவர் கண் அசந்து, வண்டி சென்டர் மீடியனில் ஏறிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணைப் பார்க்கும் கேமரா, இதயத்துடிப்பு பார்க்கும் வாட்ச் இரண்டும் விற்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: கேமராவை வாங்குங்கள். தூக்கம் வரும்போது இதயத்துடிப்பு மாறுவது உண்மைதான். ஆனால் ஒரு டீ குடித்தாலும், எதிரே பஸ் ஏறி வந்தாலும் அதே துடிப்பு மாறும். ஆளுக்கு ஆளும் வேறுபடும். அதை மட்டும் நம்பி வண்டியை விட முடியாது.

கண் அப்படியில்லை. தெளிவாக இருப்பவர் இமைப்பது அரை நொடிக்குள் முடிந்துவிடும். தூக்கம் ஏற ஏற இமை மெதுவாக இறங்கும், கீழேயே கொஞ்சம் தங்கும், அப்புறம் பாரம் தூக்குவதுபோல் மேலே வரும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் கண் 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தது என்ற கணக்குக்குப் 'பெர்க்ளோஸ்' என்று பெயர். இதை அளக்கும் கேமராவா, இருட்டிலும் பார்க்க அகச்சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். காசு கொடுக்கும் முன், உங்கள் டிரைவரையே இரவில் சீட்டில் உட்காரவைத்துச் சோதியுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு.

ஸ்டீயரிங்கை வைத்துக் கணிக்கும் முறையும் உண்டு. மெர்சிடிஸ் கார்களில் 2009இலேயே வந்துவிட்டது. தெளிவாக ஓட்டுபவரின் கை, அவருக்கே தெரியாமல், ஸ்டீயரிங்கைத் துளித்துளியாகத் திருத்திக்கொண்டே இருக்கும். கண் சொக்கும்போது அந்தக் கை சில நொடி சும்மா கிடக்கும். பிறகு வெடுக்கென்று ஒரு இழுப்பு. இதை உங்கள் கிளீனருக்குச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கே இது நன்றாகத் தெரியும்.

சரி, கேமரா எச்சரித்துப் பீப் அடித்த பிறகு? 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் மூடினால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் போய்விடும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் அதிக நேரம் தாங்காது. பக்கத்துப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் தூங்கச் சொல்லுங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் காட்டினார்கள். நம் சட்டம் அனுமதிப்பதோ 30 தான். அதனால் டிரைவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்டுவிட்டு லோடு கொடுங்கள். பீப் அடித்த கணக்கைப் பார்த்து டிரைவரின் படிக்காசைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த டிரிப்பில் கேமராமேல் துண்டு தொங்கும்.