வான்கூவர் மலிவா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். டொரன்டோவின் ஸ்கார்பரோவில், வீட்டின் அடித்தளத்தில் பேஸ்மெண்ட் வாடகைக்கு எடுத்து நான்கு மாதம் ஆகிறது, செய்தியில் விலைவாசி இரண்டு சதவீதம் போலத்தான் ஏறியிருக்கிறது என்கிறார்கள், என் மளிகை பில் அப்படிச் சொல்லவில்லையே என்பது ஒன்று. மாகாணவாரிப் பட்டியலில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் எண் ஒன்டாரியோவைவிடக் குறைவாக இருக்கிறதே, வான்கூவர் பக்கம் போனால் நாலு காசு மிச்சமாகுமா என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலை நம்பி நீங்கள் டிக்கெட் போட்டுவிடக் கூடாது.

நீங்கள் பார்த்தது நுகர்வோர் விலைக் குறியீடு. கனடா அரசின் புள்ளிவிவரத் துறையான ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கனடா மாதாமாதம், முந்தைய மாதத்துக் கணக்கை அடுத்த மாதம் மூன்றாவது வாரம் போல, காலை எட்டரை மணிக்கு வெளியிடும். அதில் 2002ஆம் ஆண்டின் விலைதான் 100. நாடு முழுவதற்குமான எண் இப்போது 160ஐத் தாண்டிவிட்டது. அதாவது ஒரு சராசரிக் குடும்பம் செலவிடும் எல்லாவற்றையும் ஒரு கூடையாக வைத்துக்கொண்டால், 2002இல் நூறு டாலருக்கு வாங்கிய கூடைக்கு இன்று நூற்று அறுபதுக்கு மேல் வேண்டும். இதுவரை சரி. ஆனால் ஒவ்வொரு மாகாணத்துக்கும் அதனதன் 2002தான் 100. வழுக்கும் இடம் இதுதான்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். இரண்டு இட்லிக் கடைகள். ஒன்றில் அன்றைக்கு இட்லி 2 ரூபாய், இன்னொன்றில் 20 ரூபாய். இரண்டுக்குமே அன்று குறியீடு 100. இன்று முதல் கடையில் 4 ரூபாய், குறியீடு 200. இரண்டாவதில் 30 ரூபாய், குறியீடு 150. பட்டியலை மட்டும் பார்ப்பவன் 150 இருக்கும் கடைக்குப் போய் உட்காருவான். பில் வந்த பிறகுதான் தெரியும். வான்கூவர் அந்த இரண்டாவது கடை. இந்த நாட்டிலேயே வீட்டு வாடகை மிகக் கூடிய நகரங்களில் அது ஒன்று. ஆல்பர்ட்டாவின் எண் பிரிட்டிஷ் கொலம்பியாவின் எண்ணைவிட நன்றாகவே உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் ஆல்பர்ட்டாவின் கல்கரியில் வீடு தேடுகிறவர் வான்கூவரில் தேடுகிறவரைவிட நிம்மதியாகத்தான் இருக்கிறார். இந்த எண் எவ்வளவு ஏறியது என்று சொல்லும், எவ்வளவு விலை என்று சொல்லாது. நகரத்துக்கு நகரம் விலை மட்டத்தை ஒப்பிடுவதற்கு அதே துறை வேறொரு அட்டவணை வைத்திருக்கிறது. அது செய்தியில் வருவதில்லை.

வடக்கே போனால் இன்னும் வேடிக்கை. மூன்று வட பிரதேசங்களுக்கும் பிரதேசம் முழுவதற்குமான எண் கிடையாது. வைட்ஹார்ஸ், யெல்லோநைஃப், இக்கலுயிட் என்ற மூன்று தலைநகரங்களில் மட்டும்தான் அளக்கிறார்கள். இக்கலுயிட்டுக்குச் சாலையே இல்லை, காய்கறி விமானத்தில் வருகிறது. அங்கே எண் குறைவாக இருக்கிறதே என்று தக்காளி வாங்கப் போக முடியுமா?

இப்போது உங்கள் மளிகை பில். இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 2025 ஏப்ரல். அந்த மாதம் குறியீடு முந்தைய ஆண்டைவிட ஏறியிருந்தது 1.7 சதவீதம். அதற்கு முந்தைய மார்ச்சில் 2.3. செய்தி வாசித்தவர்கள் எல்லோரும் விலைவாசி இறங்கிவிட்டது என்றார்கள். உள்ளே பிரித்துப் பார்த்தால் கதை வேறு. ஏப்ரல் 1ஆம் தேதி முதல் பெட்ரோல் மீதிருந்த கார்பன் கட்டணத்தை, அதாவது கரிப்புகையைக் குறைக்கப் போட்டிருந்த கட்டணத்தை, மத்திய அரசு எடுத்துவிட்டது. லிட்டருக்கு 17.6 சென்ட். கச்சா எண்ணெயும் இறங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து பெட்ரோல் விலை முந்தைய ஆண்டைவிட 18 சதவீதம் போல விழுந்தது. மொத்த எண்ணை இழுத்துக் கீழே போட்டது அதுதான். அதே மாதம் கடையில் வாங்கும் உணவுப் பொருள்கள் 3.8 சதவீதம் ஏறியிருந்தன. மாட்டிறைச்சி 16 சதவீதம், காபி டீ வகை 13 சதவீதம். உங்களிடம் கார் இல்லை என்கிறீர்கள், டொரன்டோ நகரப் பேருந்தான டிடிசி பஸ்தான் என்கிறீர்கள், காலையில் இரண்டு டம்ளர் காபி குடிப்பவர் என்பதும் எழுத்திலேயே தெரிகிறது. அந்த 1.7இல் உங்கள் பங்கு என்ன? இறங்கிய பக்கம் நீங்கள் இல்லை, ஏறிய பக்கம் முழுசாக நிற்கிறீர்கள். போதாக்குறைக்கு அந்தக் கட்டணத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பணமும் அதே ஏப்ரலோடு நின்றுவிட்டது. கார் இல்லாதவருக்கு அது சுத்த லாபமாக இருந்தது. விலைக் குறியீட்டில் அந்த இழப்புக்கு இடமே இல்லை.

அதே ஏப்ரலில் கியூபெக்கில் பெட்ரோலுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவர்களுக்குப் புகை வெளியிடும் உரிமத்தை நிறுவனங்கள் வாங்கி விற்கும் தனி கார்பன் சந்தை உண்டு, மத்திய அரசின் கட்டணம் அங்கே இருந்ததே இல்லை, எடுப்பதற்கும் ஒன்றுமில்லை. மானிட்டோபா 2024 முழுக்கத் தன் பெட்ரோல் வரியை நிறுத்தி வைத்து 2025 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தது. வரியை நிறுத்திய மாதம் எண் இறங்கும். திரும்ப வந்த மாதம், கடைக்காரன் ஒரு சென்ட்கூட ஏற்றாமலே, எண் ஏறும். மாகாணங்களுக்கு நடுவே மாதாமாதம் தெரியும் வித்தியாசத்தில் பாதி இப்படிப்பட்ட வரி விளையாட்டுதான் என்பது என் அனுபவம். 2024 டிசம்பர் 14 முதல் 2025 பிப்ரவரி 15 வரை ஹோட்டல் சாப்பாடு, குழந்தைகள் துணி போன்றவற்றுக்கு விற்பனை வரியை நிறுத்தினார்களே, அப்போதும் இதேதான். ஜனவரியில் 1.9ஆக இருந்தது பிப்ரவரியில் 2.6 ஆனது. தோசை விலை மாறவில்லை, பில்லின் அடியில் இருக்கும் 13 சதவீத வரி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஊரில் இருந்தபோது வெங்காயமும் தக்காளியும் ஏறினால் நாட்டுப் பணவீக்கமே ஏறும். 2023 ஜூலையில் தக்காளி போட்ட ஆட்டத்தில் இந்தியாவின் எண் 7.44 சதவீதத்துக்குப் போனது நினைவிருக்கும். அங்கே அப்போதிருந்த கூடையில் உணவுக்கு மட்டும் கிட்டத்தட்ட 46 சதவீத இடம். இங்கே உணவுக்கு, வெளியே சாப்பிடுவதையும் சேர்த்து, 17 சதவீதம் போலத்தான். வீட்டுச் செலவு 30ஐ ஒட்டி இருக்கிறது. அதனால் இங்கே காய்கறி ஆடினால் உங்கள் பர்ஸ் ஆடும், நாட்டு எண் அதிகம் அசையாது.

2023இல் நமக்கு நடந்ததைக் கேளுங்கள். ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மறுநாளே இங்கே நம் கடைகளில் கூட்டம். வீட்டுக்கு ஒரு மூட்டைதான் என்று எழுதி ஒட்டினார்கள். புழுங்கல் அரிசிக்குத் தடையே கிடையாது, ஆகஸ்டில் 20 சதவீத ஏற்றுமதி வரி மட்டும்தான் வந்தது. இருந்தும் இட்லி அரிசி முதலில் காணாமல் போனது. பயத்தில் மூன்று மூட்டை வாங்கி காரேஜில் அடுக்கியவர்களில் நானும் ஒருவன். கடைசி மூட்டையில் வண்டு வந்தது. மொத்தக் குறியீட்டில் அது எல்லாம் தூசி.

மாதக் கணக்கையும் ஆண்டுக் கணக்கையும் கலக்காதீர்கள். செய்தியில் சொல்வது பெரும்பாலும் போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டது. போன மாதத்தோடு ஒப்பிட்டால் குளிர்காலத்தில் காய்கறி ஏறும், டிசம்பரில் தள்ளுபடி விலையில் துணிமணி இறங்கும், கோடை விடுமுறையில் சுற்றுலா ஏறும். ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான். இன்னொன்று, பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை, ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். 2022 ஜூனில் 8.1 சதவீதம் போனதே, 1983க்குப் பிறகு காணாத ஏற்றம், அன்று ஏறியது அப்படியே மேலே நிற்கிறது. அதற்கு மேல்தான் இப்போதைய இரண்டு சதவீதம். கனடா வங்கியின் இலக்கே அந்த இரண்டுதான். பழைய விலையைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் சொந்தக் கணக்கு வேண்டுமென்றால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கனடா தளத்தில் தனிநபர் பணவீக்கக் கணிப்பான் ஒன்று இருக்கிறது. வாடகை, மளிகை, பஸ் என்று உங்கள் மாதச் செலவைப் போட்டால் உங்கள் எண்ணைக் காட்டும். நம் ஆட்களில் பலருக்கு அது செய்தி எண்ணைவிடக் கூடுதலாகவே வரும். வந்த புதிதில் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறதல்லவா.

எனக்கு இதில் நேராக அடி விழுந்தது வாடகையில்தான். என் அப்பா பொதுப்பணித் துறையில் குமாஸ்தா. சிம்லாவிலிருக்கும் தொழிலாளர் அமைப்பு கணக்கிடும் விலைக் குறியீடு ஏறினால் அகவிலைப்படி ஏறும், அன்றைக்கு வீட்டில் கேசரி. விலைவாசி எண்ணை நல்ல செய்தியாக மட்டும் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கேயும் அப்படிச் சில உண்டு. ஒன்டாரியோவின் குறைந்தபட்சக் கூலி ஆண்டுதோறும் அக்டோபர் 1ஆம் தேதி குறியீட்டை வைத்து ஏறும். 2025இல் 17.20இலிருந்து 17.60 டாலர் ஆனது அப்படித்தான். முதியோர் ஓய்வூதியம், குழந்தை உதவித்தொகை எல்லாம் அதோடு கட்டியவைதான். வாடகையும் கட்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதி சரி. ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்பதை மாகாணத்தின் விலைக் குறியீட்டை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள், அதிகபட்சம் 2.5 என்று தடுப்பும் உண்டு. 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் 2.5, 2026க்கு 2.1. ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடி வைத்த வீடுகளுக்கு இந்தத் தடுப்பு கிடையாது. இது தெரியாமல் 2021இல் தொற்றுக் காலத்து மலிவில் ஒரு புதிய காண்டோவை, அதாவது அடுக்குமாடி வீட்டை, மாதம் 1,850 டாலர் வாடகைக்கு எடுத்தேன். 2022இல் தொண்ணூறு நாள் அவகாசத்தோடு ஒரு கடிதம் வந்தது, 2,250 என்று. சட்டப்படி அவர் செய்தது சரி, தவறு என்னுடையது. அதே ஆண்டு பழைய கட்டடத்தில் இருந்த என் நண்பனுக்கு ஏறியது 1.2 சதவீதம். இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே கடையில் மளிகை, ஒரே செய்தியைத்தான் கேட்டோம்.

இதனால்தான் ஆல்பர்ட்டா போகலாமா என்று கேட்பவர்களிடமும் நான் எண்ணைப் பேசுவதில்லை. அங்கே மாகாண விற்பனை வரி இல்லை, 5 சதவீதத்தோடு முடிகிறது. இங்கே 13. ஆனால் அங்கே வாடகை ஏற்றத்துக்குச் சதவீதத் தடுப்பும் இல்லை, ஆண்டுக்கு ஒருமுறைதான் ஏற்றலாம் என்ற விதி மட்டும். இங்கிருந்து ஆட்கள் கூட்டமாகப் போன பிறகு வாடகை எகிறியது. மின்சாரமும் அப்படி. 2023 ஜூலையில் ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. போவதாக இருந்தால் வேலையை உறுதி செய்துகொண்டு, அந்த ஊர் வாடகை விளம்பரத்தையும் கார் இன்சூரன்ஸ் விலையையும் பாருங்கள். அங்கே கார் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம், அப்போது பெட்ரோல் உங்கள் கூடைக்குள்ளும் வந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பேஸ்மெண்டில் முதன்முதலாக யாராவது குடியிருந்தது எந்த வருடம் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வீடு நாற்பது வருடப் பழசாக இருக்கலாம், பேஸ்மெண்டைப் புதிதாகக் கட்டிப் பிரித்து 2019இல் விட்டிருந்தால் அதற்கும் தடுப்பு இல்லாமல் போகலாம். வாயால் சொன்னால் போதாது, ஒரு குறுஞ்செய்தியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் எழுதுங்கள், அப்புறம் வான்கூவரைப் பேசுவோம்.