வெந்நீர் ஊற்றில் எதற்கு முடி?

கேள்வி: கொதிக்கிற ஊற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உடம்பெல்லாம் முடி இருக்கிறதாமே? குளிருக்குத்தானே கம்பளி வேண்டும்? அதுவும் வெந்து கரைந்துபோகாதா?

பதில்: எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கும் சீப்பே காணாத பரட்டைத் தலைதான் நினைவுக்கு வந்தது. ஆகவே உங்களைக் கேலி செய்யும் தகுதி எனக்கில்லை. முடி போலத் தெரிபவை புரத இழைகள். அவற்றுக்கு வெவ்வேறு வேலைகள் உண்டு; கதகதப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ் என்ற ஆர்க்கியாவை (பாக்டீரியா போலத் தெரிந்தாலும் தனி வகையான ஒற்றைச் செல் நுண்ணுயிர்) எடுத்துக்கொள்வோம். (ஆளைவிடப் பெயர் நீளம்.) அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த இதைத் தாமஸ் பிராக் குழுவினர் 1972-ல் விவரித்தார்கள். 75 முதல் 80 டிகிரி வெப்பமும் கடும் அமிலமும் இருந்தால்தான் இதற்குச் சுகம். இதன் மேல் நான்கு வகை இழைகள் உண்டு. சுழன்று நீந்த வைப்பது ஒன்று. பாறையில் ஒட்டிக்கொள்ள உதவுவது இன்னொன்று.

மூன்றாவது வெறும் 5 நானோமீட்டர் தடிமன். சுமார் 16,000 இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால்தான் உங்கள் தலைமுடி ஒன்றின் அகலம் வரும். இதில் ஒவ்வொரு புரதத் துண்டும் தன் வாலை அடுத்த துண்டின் பள்ளத்தில் செருகி வைத்திருக்கிறது. எளிதில் உருவ முடியாது.

எனக்குப் பிடித்தது நான்காவதுதான். புற ஊதாக் கதிர் பட்டு டி.என்.ஏ. சேதமானதும் இந்த இழைகள் ஏராளமாக முளைக்கின்றன. செல்கள் ஒன்றையொன்று பற்றிக் கொத்தாகச் சேர்ந்து டி.என்.ஏ.வைப் பரிமாறிக்கொள்கின்றன; பழுது பார்க்க நல்ல பிரதி வேண்டுமே! பிடித்த கை சொந்த இனத்துடையதுதானா என்பதை இழையின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூறுகள் காட்டிக்கொடுக்கின்றன.

வெந்து கரையாதா என்றீர்கள். அதற்கும் சர்க்கரைதான் பதில். உறவுக்கார இனமான சல்ஃபோலோபஸ் ஐலண்டிகஸின் இழையை ஆராய்ந்து 2019-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். புரதம் தெரியாத அளவுக்கு மேலெல்லாம் சர்க்கரைப் போர்வை. சாதாரணப் புரதங்களைக் குலைத்துவிடும் சலவை வேதிப்பொருளில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள், இழை பிரியவில்லை. புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியையும் விட்டுப் பார்த்தார்கள். அதற்கும் அசையவில்லை.